விஷயத்துக்கு வாங்க

"வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க" என்றார் டாக்டர் குலசேகரன். நேற்று சாயங்காலம் இதே வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மங்கையர்க்கரசி திறந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போயிற்று. பாதங்கள் தலையைவிட உயரத்துக்கு வந்துவிட்டன. புடவைக் கொசுவத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். விளக்கு நகர்ந்து வந்து முகத்துக்கு மேல் நின்றது. பத்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்த நேரம் இது: வலது கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல், ரூட் கெனால், இரண்டாவது தடவை, வியாழக்கிழமை காலை பத்தரை. எழுதிக் கொடுத்த அன்றைக்கு இவர் வெறும் பல் டாக்டர், உறையூரில் அவள் குடியிருக்கிற அதே அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்காரர், லிஃப்டில் பார்த்தால் "வலி எப்படி இருக்குங்க" என்று கேட்கிறவர். நேற்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், இருபத்தோரு வீட்டுக்காரர்கள் முன்னால், அவர் எதிராளி ஆகிவிட்டார். அல்லது இவள் ஆக்கிவிட்டாள். காலையில் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் பல்லுக்குச் சங்கமும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை, விடியும்போதே காது வரைக்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. வேறு டாக்டரிடம் போனால், பாதி தோண்டி மருந்து வைத்து மூடின பல்லை அவர் முதலிலிருந்து தோண்டுவார். அதுவும் போக, வராமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்று ஆகும். வந்தால் மட்டும் என்ன, பயப்படவில்லையா? இதோ அவர் ஊசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார், நுனியில் ஒரு சொட்டு நிற்கிறது. நேற்று நான் சொன்னதை இவர் மறந்திருப்பாரா? யாராவது மறப்பார்களா? "ஒரு எறும்புக்கடி மாதிரி இருக்கும்" என்கிறார். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடி, கண்ணாடியில் இரண்டு சின்ன விளக்குகள், அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருக்கிற மனுஷன் கோபமாக இருக்கிறானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்க? எறும்புதான். கட்டெறும்பு. பிறகு அதுவும் இல்லை.

மரத்துப் போவது இவ்வளவு சுகமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் நாக்கின் ஒரு ஓரம், பிறகு கன்னம், பிறகு கீழுதட்டின் வலது பாதி, ஒவ்வொன்றாக யாரோ வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போவது போல இருந்தது. பத்து நாளாக ஓயாமல் முனகிக்கொண்டிருந்த பல் பேச்சை நிறுத்திவிட்டது. ஏசி மெதுவாக இரைகிறது, கிராம்பு வாசனை வருகிறது, வெளியே ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடிப்பது வேறு ஏதோ ஊரில் அடிப்பது மாதிரி கேட்கிறது. கோர்ட்டுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. இந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் முடியாது. உதவிக்கு நிற்கிற பெண் யோகேஸ்வரி எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டிவிட்டாள், அது சளசளவென்று தானே பேசிக்கொண்டது. நிம்மதியாகக் கண்ணை மூடினால் உடனே அந்தக் கூட்டம். மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, ஒரே ஒரு விஷயம்: பின்பக்கக் கேட்டைப் பூட்டுவதா வேண்டாமா. போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் ஒரு சைக்கிள் திருடு போயிற்று, பின்கேட் வழியாகத்தான் போயிருக்கிறது, ஆகவே பூட்ட வேண்டும் என்றார் டாக்டர். பூட்டக் கூடாது என்றாள் இவள். பூட்டினால் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடந்து வரவேண்டும். அவள் வீட்டுக்கு வருகிற வேளாங்கண்ணிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருக்கிறது, அவள் இந்தக் கட்டடத்தில் மட்டும் நாலு வீடு செய்கிறாள். அது போக, ஏதாவது நெருப்பு கிருப்பு என்றால் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே வாசலா? நெருப்பு விஷயத்தை அவள் நன்றாகவே சொன்னாள். மின்சார மீட்டர் பெட்டி முழுக்க முன்வாசல் பக்கம்தானே இருக்கிறது, அங்கே பற்றினால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். அந்த நிமிஷத்திலேயே அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தரைத்தள வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் தண்டபாணி, டாக்டர் கட்சிக்காரர், சமோசாவைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "கோர்ட்டுல உக்காந்து அடுத்தவன் பேசினத எழுதுறவங்க நீங்க. சொந்தமாப் பேச ஆரம்பிச்சா இப்படித்தாம்மா இருக்கும்."

இருபத்தாறு வருஷம். மாவட்டக் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாகச் சுருக்கெழுத்து. அடுத்தவன் பேசினதை எழுதுகிறவள்தான், தண்டபாணி சொன்னதில் அந்தப் பாதி உண்மை. ஆனால் எழுதி எழுதி அவளுக்கு ஒன்று படிந்திருந்தது. வக்கீல் வாயைத் திறந்தாலே, இவர் கையில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று பென்சிலுக்குத் தெரிந்துவிடும். சரக்கு இருக்கிறவர் தேதி சொல்லுவார், சர்வே எண் சொல்லுவார், குரலை உயர்த்த மாட்டார். இல்லாதவர் எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பார். நோட்டின் ஓரத்தில் அவளுக்கென்று சில குறிகள் வைத்திருந்தாள், டைப் அடிக்கும்போது விட்டுவிடுகிற குறிகள். சொன்னதையே காரணமாகத் திருப்பிச் சொன்னால் ஒரு சுழி. இன்றைக்கு இது நடந்தால் நாளைக்கு அது நடக்கும், நாளை மறுநாள் ஊரே அழியும் என்று ஏறிக்கொண்டே போனால் ஒரு மாடிப்படி. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அடித்தால் ஒரு சோளக்கொல்லை பொம்மை. விஷயத்தை விட்டுவிட்டு ஆளைக் குத்தினால் ஒரு அம்பு. அம்புகள்தான் அதிகம். ஒரு தடவை வரப்புத் தகராறில் சாட்சி சொல்ல ஒரு கிழவி வந்திருந்தாள், லால்குடிப் பக்கம். வேலி எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. வக்கீல் கேட்கிறார், "நீங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடி வீட்டை விட்டு ஓடிப்போனவங்கதானே?" கிழவி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தம்மா ஓடினா வேலியும் கூட ஓடிச்சா? விஷயத்துக்கு வாங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது, கிழவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதும்போது தன் பென்சில் வழக்கத்தைவிட வேகமாக ஓடினதை மங்கையர்க்கரசி அன்றைக்கே கவனித்திருந்தாள். வேலி, வரப்பு, கல் என்று எழுதும்போது கொட்டாவி வந்த கைக்கு, ஓடிப்போனாள் என்றதும் எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு. ஓரத்தில் அம்பு போட்டாள். அம்பு போட்டுவிட்டால் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் இருபத்தாறு வருஷமும் நினைத்துக்கொண்டாள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று டாக்டர் சொல்ல, டிரில் சத்தம் மண்டைக்குள் ஆரம்பித்தது. வலிக்கவில்லை. வலிக்கப் போகிறதோ என்பதுதான் இருந்தது. இந்தக் கை கொஞ்சம் நழுவினால்? வேண்டுமென்றே இல்லை, அப்படியெல்லாம் செய்கிற மனுஷன் இல்லை, ஆனால் நேற்று ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், மூன்றாவது மாடியில் அந்தப் பெரிய வீட்டில் தனியாக, நான் சொன்னதையே நினைத்துக்கொண்டு புரண்டிருப்பார், தூங்காத கை லேசாக நடுங்காதா, அங்கே ஒரு நரம்பு போகிறதாமே. அவள் கைப்பிடியை இறுக்கினாள். "வலிக்குதா?" சத்தம் நின்றது. தலையை ஆட்டினாள், இல்லை. மறுபடி சத்தம். அவருடைய சுண்டுவிரல் அவள் தாடையில் ஊன்றியிருந்தது. மரத்துப் போகாத இடம் என்பதால் அந்த விரல் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அசையாமல், அழுத்தாமல், மரத்தில் உட்கார்ந்த குருவி மாதிரி நம்பிக்கையாக இருந்தது. எவ்வளவு நல்ல கை. பெண்டாட்டி விட்டுப் போனவருடைய கை. அப்படியென்றால் என்ன? பெண்டாட்டி போனதற்கும் இந்தக் கைக்கும் என்ன? இந்தக் கைக்கே சம்பந்தமில்லை என்றால் அந்தக் கேட்டுக்கு எங்கிருந்து வந்தது சம்பந்தம்? நேற்று அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னது இதுதான்: "கட்டின பொண்டாட்டியையே வீட்டுக்குள்ள வச்சுக்கத் தெரியல, இவரு கேட்டைப் பூட்டி யாரைக் காப்பாத்தப் போறாரு?" சிரிப்பு அலை மாதிரி எழுந்தது. தண்டபாணியே சிரித்தார், அவருடைய சொந்தக் கட்சி. சிரித்த வேகத்திலேயே கையைத் தூக்கச் சொன்னார்கள். பதினாலுக்கு ஏழு. கேட் திறந்தே இருக்கும். மங்கையர்க்கரசிக்குக் கைதட்டல். டாக்டர் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனார்.

ஏன் அவரைச் சொன்னேன்? குத்தினது தண்டபாணி. திருப்பிக் குத்துவதென்றால் அவரையல்லவா குத்தியிருக்க வேண்டும்? அவருடைய வழுக்கை இருந்தது, வாயில் ஒட்டியிருந்த சமோசா இருந்தது. டாக்டர் சிரித்தார், அதனால். தண்டபாணி அந்தப் பேச்சைச் சொன்னதும் டாக்டர் உதட்டின் ஒரு ஓரத்தை மேலே இழுத்து, ஒரு அற்பச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. இவள் எழுதுகிறவள்தானே, பேச வந்துவிட்டாள் பார் என்கிற சிரிப்பு. சத்தம் நின்றது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி, மாஸ்க்கை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தார். வேரின் நுனி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவருடைய உதட்டின் ஒரு ஓரம் மெல்ல மேலே போயிற்று. அதே ஓரம், அதே இழுப்பு. படத்தைச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. யாரையும் பார்த்து இல்லை, ஒரு பல்லின் நிழலைப் பார்த்து. யோசிக்கிறார். அது அவர் யோசிக்கிற முகம். மங்கையர்க்கரசி திறந்த வாயோடு அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். எச்சில் குழாய் சளசளத்தது. அவர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, "மூணு வேர் இருக்கு உங்களுக்கு. ஒண்ணு வளைஞ்சிருக்கு. அவசரப்படாமப் பாப்போம்" என்றார். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். ஒரு பல்லின் நிழலுக்கு இவ்வளவு யோசிக்கிறவர், நேற்று எதற்காக யோசித்திருப்பார்? அவள் அந்த நிமிஷத்தைத் திரும்பப் போய்ப் பிடிக்கப் பார்த்தாள். தண்டபாணி சொன்னார், டாக்டர் உதட்டை இழுத்தார், பிறகு நான் எழுந்தேன். இல்லை. நடுவில் ஒன்று இருக்கிறது. டாக்டர் ஏதோ சொன்னார். கோர்ட்டில் ஒருவர் விட்ட இருமலைக்கூட விடாமல் எழுதுகிறவளுக்கு, அவர் சொன்னது ஏன் நினைவில் இல்லை?

அதற்குள் வேளாங்கண்ணி வந்து நின்றாள். நிஜமாக இல்லை, காலையில் வந்த வேளாங்கண்ணி. துடைப்பத்தை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "அக்கா, நேத்து அந்தப் பல்லு டாக்டர ஒரு புடி புடிச்சீங்களாமே, வாட்ச்மேன் சொன்னாரு. பொண்டாட்டிய வச்சுக்கத் தெரியாதவருன்னு." அந்த வார்த்தையை வேளாங்கண்ணி வாயால் கேட்டபோது, யாரோ திருடிக்கொண்டுபோன தன் புடவையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. "கேட்டைப் பூட்டப் போறதில்ல, வாட்ச்மேன் அதச் சொல்லலையா?" என்று இவள் கேட்டாள். "அப்படியா, பூட்டலையா?" என்றாள் வேளாங்கண்ணி. நல்லதாப்போச்சு என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள், பிறகு மறுபடி, "ஏங்க்கா, அந்தம்மா எதுக்குப் போனாங்களாம்?" என்று ஆரம்பித்தாள். மீட்டர் பெட்டி, நெருப்பு, ஒரே வாசல், எதுவும் மாடியிலிருந்து கீழே இறங்கவில்லை. இறங்கினது அது ஒன்றுதான். இன்றைக்கு இருபத்திரண்டு வீட்டிலும் காபியோடு அதைத்தான் குடித்திருப்பார்கள். எதற்குப் போனாள் என்று எனக்கு மட்டும் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை அந்தம்மா கோயம்புத்தூருக்குப் பெட்டியோடு போனாள், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். அவர் துரத்தினாரா, அவளாகப் போனாளா, உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டாளா. என் வீட்டுக்காரர் நெய்வேலியில் இருக்கிறார், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறார். நேற்று தண்டபாணி எழுந்து, வாரத்துல ஒரு நாள் வர்ற புருஷன வச்சுக்கிட்டு நீங்க பேசுறீங்களா என்று கேட்டிருந்தால்? அதற்கும் இதே கூட்டம் சிரித்திருக்கும், இதே பதினாலு பேர். கன்னம் மரத்திருந்தாலும் சூடாவது தெரிந்தது.

கம்பி உள்ளே போய்ப் போய் வந்தது. வளைந்த வேருக்குள் அவர் மெதுவாகத் திருகினார், நிறுத்தினார், கழுவினார், மறுபடி திருகினார். அந்த நிதானத்துக்குள்ளேதான், சுருக்கெழுத்துக் கோடு மாதிரி, அவர் நேற்றுச் சொன்னது மேலே வந்தது. "அது இருக்கட்டும் சார்." தண்டபாணியிடம் சொன்னது அது. அது இருக்கட்டும் சார் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, இவள் பக்கம் திரும்பி, உதட்டை இழுத்துக்கொண்டு யோசித்து, "மேடம், நெருப்பு விஷயம் நீங்க சொல்றது சரி. நான் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. சைக்கிள் போனா போகட்டும். அந்த ஹம்சினிப் பொண்ணு மாடிப்படிக்கு அடியில யாரோ ஒரு ஆளு நின்னதப் பாத்துருக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமைலேருந்து தனியாப் படியேற மாட்டேங்குது. அதுக்கு என்ன செய்யலாம்?" நீதிபதி செய்ததை அவர் செய்திருக்கிறார். ஆளை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தது அவர்தான். அதற்குத்தான் இவள் எழுந்து நின்று பெண்டாட்டியைச் சொன்னாள். பதில் இல்லை, அதனால் சொன்னாள். சரக்கு இல்லாதவர் எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பார். ஹம்சினி முதல் மாடி, ஏழாவது படிக்கிறாள், இரட்டைப் பின்னல், லிஃப்டில் ஏறினால் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு ஓடிப்போகிற குறும்பு. போன வாரம் முழுக்க அவள் லிஃப்ட் முன்னால் யாராவது வரட்டும் என்று புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்ததை இவளே பார்த்தாள். என்னம்மா நிக்கிற என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை ஆன்ட்டி என்றாள். மாடிப்படிக்கு அடியில் நின்றவன் யார்? சைக்கிளை எடுத்துப் போனவனா, மழைக்கு ஒதுங்கினவனா, மீட்டர் பார்க்க வந்தவனா? செவ்வாய்க்கிழமை மழையே இல்லை. அவன் இன்னொரு நாள் வந்தால்? திறந்திருக்கிற கேட், பதினாலு பேர் சிரித்துக்கொண்டே திறந்து வைத்த கேட். அவளுடைய இடது கை தானாக உயர்ந்துவிட்டது.

"வலிக்குதா? ஊசி இன்னும் கொஞ்சம் போடவா?" என்று அவர் உடனே கையை எடுத்துவிட்டார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை, வலி இல்லை, வேறே. கையை எப்படிக் கீழே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். யோகேஸ்வரி அதை ஆதரவாகப் பிடித்து இறக்கி வைத்தாள். "பாதி தாண்டியாச்சு. கண்ண மூடிக்குங்க" என்றார் டாக்டர். மூடிக்கொண்டாள். கேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னது தப்பில்லை. வேளாங்கண்ணியின் முழங்கால் பொய்யில்லை, மீட்டர் பெட்டி பொய்யில்லை. தப்பான வழியில் ஜெயித்ததால் அதெல்லாம் பொய்யாகிவிடாது. அது ஒரு ஆறுதல். ஆனால் ஹம்சினி பயப்படுவதும் பொய்யில்லையே. இரண்டும் உண்மை, இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் மேஜையையே கவிழ்த்துவிட்டேன், அதற்குக் கைதட்டினார்கள், எனக்கும் பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொண்டுவிடலாம். படுக்கப் போகும்போதுகூட அந்த வாக்கியத்தை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், எவ்வளவு கச்சிதமாக வந்தது என்று. ஒத்துக்கொண்டதும் ஏனோ உடம்பு லேசாயிற்று. பல் விஷயமும் இப்படித்தான், மேலே வெள்ளையாக இருந்தது, திறந்து பார்த்த அன்றைக்கே பாதி வலி போயிற்று. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் எச்சில் குழாயின் சத்தம்கூட இனிமையாக இருந்தது. ஏசி காற்று பாதத்தில் பட்டது. கடைசியில் ஏதோ சூடாக வைத்து அடைத்தார்கள், கடிக்கச் சொன்னார்கள், நீலக் காகிதத்தை வைத்து மறுபடி கடிக்கச் சொன்னார்கள். அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். கொஞ்சம் தூங்கியும் போயிருக்கலாம்.

நாற்காலி மெல்ல நிமிர்ந்தது. உலகம் பழையபடி கால் கீழே தலை மேலே என்று வந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றி, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அவள் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ரெண்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வியாழக்கிழமை பல்லுக்கு மூடி போட அளவு எடுக்க வேண்டும் என்றார். யோகேஸ்வரி அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவுப் பக்கம் போனாள். மங்கையர்க்கரசி எழுந்து, கண்ணாடியில் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. பரவாயில்லை.

"டாக்டர், நேத்து நான் தேசினது தப்பு" என்றாள். பேசினது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், உதடு ஒட்டவில்லை. "அன்னிச்சுக்கோங்க."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொன்னது பொய் ஒண்ணும் இல்லையே" என்றார். "அவ போனது நிஜம்தான். என் மேலயும் தப்பு இருக்கு. ஆனா அதுக்கும் கேட்டுக்கும் என்னன்னுதான் நான் ராத்திரி பூரா யோசிச்சேன்."

"ஒண்ணும் இல்ல" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் நன்றாகவே வந்தன. பிறகு கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, "அந்த ஹம்சினி… அதுக்கு நான் ததில் சொல்லல. செக்ரட்டரிகிட்ட சொல்றேன். இன்னொரு கூட்டம். இன்னொரு ஓட்டு."

"ஜெயிச்சத வேணாம்னு சொல்றீங்களா?" அவர் அவளை நேராகப் பார்த்தார். "இந்தத் தடவ நீங்க தோத்துட்டா?"

வேளாங்கண்ணி மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்து வருவது ஒரு நிமிஷம் கண்ணில் வந்து போயிற்று. அவளையே கூட்டிக்கொண்டு வந்து பேசச் சொல்லவேண்டும், அவளுக்காக நான் பேசினதில் அவளை நேற்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று தோன்றியது. "தோக்குறேன்" என்றாள்.

டாக்டரின் உதடு ஓரம் மேலே போயிற்று. அவள் காத்திருந்தாள். "கேட்டை நாள் பூரா பூட்டணும்னு நான் சொல்ல வரல" என்றார் கடைசியில். "வேலைக்கு வர்றவங்களுக்காகக் காலைல ஆறுலேருந்து பத்து வரைக்கும் திறந்து வச்சு, வாட்ச்மேன அங்க உக்கார வைக்கலாம்னு அடுத்து சொல்ல இருந்தேன். அதுக்குள்ள சிரிச்சுட்டாங்க."

அவள் சீட்டை வாங்கிக் கைப்பையில் வைக்கப் போனவள் வைக்காமல் நின்றாள். கதவருகே அடுத்த நோயாளி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், வந்து நின்றுவிட்டார்.

"சாயங்காலம்?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் எதுக்கு?"

"அவங்க நாலு மணிக்கு இன்னொரு தரம் வர்றாங்க. தாத்திரம் தேய்க்க."

"சரி. நாலுலேருந்து ஆறு."

"ஏழு."

"ஏழுக்கு இருட்டிருதுங்க. அந்தப் படிக்கடியில லைட் இல்ல."

"லைட்டு தோடலாம்" என்றாள், உதட்டோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, மறுபடியும் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து. "நெருப்புக்கு என்ன சொல்றீங்க? அடைச்ச நேரத்துல தீ வந்தா சாவி யார்கிட்ட?"

"அது நல்ல கேள்வி" என்றார் டாக்டர், தானும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஆனா ஆறரைக்கு மேல முடியாது."

"ஏழு" என்றாள் மங்கையர்க்கரசி.